காய வேண்டிய வயல்

செவ்வாய்க்கிழமை காலை மதுரையில் ரயில் ஏறியதிலிருந்து என் கண் மேற்கு வானத்தை விட்டு நகரவில்லை. டிசம்பர் முதல் வாரம். உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேலே மேகம் திரண்டு நின்றது. மழை பெய்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நெல் வயலைப் பார்க்கப் போகிற தஞ்சாவூர்க்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னால் சோறு போட மாட்டார்கள்.

என் வேலை அப்படிப்பட்டது. வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காமல் மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. நடுநடுவே வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டினால் வாயு குறையும், தண்ணீர் மிச்சமாகும், விளைச்சலும் பெரிதாகக் குறையாது. எவ்வளவு குறைகிறது என்று நான்கு நாடுகளில் ஒரே முறையில் அளந்து பார்க்கிற திட்டம் ஒன்றில் நான் இருக்கிறேன். தமிழ்நாட்டில் எங்களுக்கு இருப்பது போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் ஒரே ஒரு வயல். அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான், அதற்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்டியதும் நான்தான்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தவர் லான். வியட்நாமிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானி, நாலு நாட்டு அளவுகளையும் சரிபார்க்கிறவர். ஐம்பதைத் தாண்டிய, குரலே உயராத பெண்மணி. இந்தப் பருவத்தில் எங்கள் வயலின் அளவுகளில் இரண்டு இடத்தில், வாயு குறைய வேண்டிய நேரத்தில் கூடியிருந்தது. லான் அதைப் பற்றி மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் பத்து நாளில் பயிர் பொதி கட்டிவிடும். கதிர் உள்ளே உருவாகிற பருவம், அப்போது தண்ணீர் குறையவே கூடாது. அதற்குள் நன்றாகக் காய்ந்த வயலிலிருந்து சுத்தமான ஓர் அளவு கிடைக்காவிட்டால் ராசிங்காபுரம் திட்டத்திலிருந்து போய்விடும். அதை நேரில் பார்க்கத்தான் வந்திருந்தார்.

எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஆண்டிபட்டி வரை பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"இவுக எந்த ஊரும்மா?"

"வியட்நாம்ங்க."

"அங்க நெல்லு வெளையுமா?"

"நம்மளைவிட நல்லா விளையும்."

"பெறகு இங்க என்னத்தப் பாக்க வர்றாக?"

லான் அவரிடம் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அவரும் ஒரு கை அள்ளிக்கொண்டார்.

மதுரையிலிருந்து போடிக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்தை விட்டு ஊருக்குள் வந்ததும் ஏலக்காய் வாசனை. கடைத்தெருவில் சாக்குச் சாக்காக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மெஸ்ஸில் லான் ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தேன். மேகம் குரங்கணிப் பக்கமாக ஒதுங்கி நின்றது. பெய்யவில்லை. மூன்று மணிக்கு ஆட்டோவில் ராசிங்காபுரம் போய் இறங்கியபோது ரோடெல்லாம் காய்ந்து புழுதி பறந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வரப்பில் ஏறிப் பார்த்தால் வயல் முழுக்கத் தண்ணீர்.

மழை இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள வயல்களைப் போலவே எங்கள் வயலிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பளபளத்துக்கொண்டு நின்றது. நீர்மட்டம் பார்ப்பதற்காக மண்ணில் புதைத்திருந்த துளை போட்ட பிளாஸ்டிக் குழாயின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியிருக்க வேண்டும். வயலுக்குச் சொந்தக்காரர் தங்கராசுவும் அவர் மனைவி செல்வியும் மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போயிருந்தார்கள். எங்கள் முறைக்கு அவர் ஒப்புக்கொண்டதே அதனால்தான். வயல் காய்கிற நாட்களில் தண்ணீர் கட்டுகிற வேலை இல்லை, மலைக்குப் போய்க் கூலி பார்க்கலாம். அவருடைய செல்லுக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

லான் குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார்.

"இது முதல் தடவையா?" என்றார்.

"முதல் தடவைதான்," என்றேன். அது எனக்குத் தெரியாது. கேள்வியின் கனம் புரிந்ததால் வாய் முந்திக்கொண்டது. இப்போது ஒருமுறை தண்ணீர் விட்டிருக்கிறது என்றால் ஓர் அளவு போச்சு, அவ்வளவுதான். ஆனால் தங்கராசு எங்களிடம் தலையாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே வந்திருந்தால் இந்தப் பருவத்துக் கணக்கு மொத்தமும் குப்பை.

அந்தப் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன். அக்கம்பக்கத்து வயல்களில் நின்றிருந்த ஒவ்வொருவரிடமும் போய், யார் மடையைத் திறந்துவிட்டது, எப்போது, ஏன் என்று கேட்டேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. ஒருவர் பார்க்கவில்லை என்றார். இன்னொருவர் மாட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார். கீழ்வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பிச்சையம்மா நிமிர்ந்து, "எனக்கென்ன தெரியும் தாயி, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அது ஒன்றில் மட்டும் நான் தப்பாக நினைக்கவில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஏறினோம். டிரைவர் முன்சீட்டில் எங்கள் இருவரையும் நெருக்கி உட்காரவைத்தார். பின்னால் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். முந்தல் செக்போஸ்ட்டோடு சமதளம் முடிகிறது. அப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கட்டம் கட்டமாகச் சிறுத்துக்கொண்டே போயின. அழகான காட்சிதான். நான் அதில் எங்கள் கட்டம் எது என்று தேடிக்கொண்டு வந்தேன்.

ஏழாவது வளைவில் லானின் முகம் வெளுத்தது. பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது.

"மோந்துக்கிட்டே வரச் சொல்லுங்கக்கா. வெளிய பாக்க வேணாம், ரோட்டப் பாக்கச் சொல்லுங்க."

"தங்கராசு அண்ணே வேலை செய்யிற தோட்டம் தூரமாண்ணே?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பூப்பாறை போற ரோட்டுல. வழியிலதான், எறக்கிவிடுறேன். என்ன விசயம், ஏதும் தப்பாப் போச்சா?"

"வயல்ல யாரோ தண்ணி விட்டுட்டாங்க."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வர்றீக?" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

போடிமெட்டில் குளிர் காதைப் பிடித்தது. டீ குடித்துவிட்டுக் கேரள எல்லையைத் தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவே போகும் மண்பாதை முகப்பில் இறங்கினோம். டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஆளைக் கூப்பிட உள்ளே போனார். வருவதற்கு வெகுநேரமாகும் என்றுதான் நினைத்தேன். தங்கராசு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். இடுப்பில் காய்ப்பையை அவிழ்க்கக்கூட இல்லை.

"என்னா மேடம், வெரசா வரச் சொன்னாக? வீட்டுல ஆருக்கும் எதுவுமா?"

"வயல்ல தண்ணி நிக்கிது தங்கராசு."

"அம்புட்டுத்தானா." அவருக்கு மூச்சு வந்தது. "வடிச்சு விட்டுரலாம்."

"யார் திறந்தாங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் சொல்லலை."

அவர் முகம் மாறியது. "கேட்டீகளா? ஆர்கிட்ட?"

"பக்கத்துல இருந்த எல்லார்கிட்டயும்."

"பிச்சையம்மா மதினிகிட்டயுமா?"

"ஆமா."

"அய்யய்யோ. ஏன் மேடம் கேட்டீக?" என்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கோபமாகப் பேச எதையெல்லாமோ சேர்த்துவைத்திருந்தேன். அதெல்லாம் அங்கேயே நின்றுபோனது.

"எங்கூர்ல பாதிப்பேரு மலையிலதான் கெடக்கோம்," என்றார். "கீழ ஒருத்தன் வயக்காடு வெடிச்சுக் கெடந்தா, ஆளு எறங்கி வர முடியாமக் கெடக்கான்னு அர்த்தம். அங்கிட்டு இங்கிட்டு இருக்கவுக தொறந்துவிட்டுட்டுப் போயிருவாக. இன்னார்னு சொல்ல மாட்டாக. நாங்களும் கேக்க மாட்டோம். நானே எத்தன பேருக்குத் தொறந்துவிட்டிருக்கேன். கேட்டா, ஏண்டா தொட்டேன்னு சண்டைக்குப் போன மாதிரி ஆயிரும்."

"ஆராய்ச்சிக்காகத்தான் காயப்போட்டிருக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிரலாம். என் வயலத் தொடாதீகன்னு இன்னிக்கே சொல்லிரலாம். பொதி கட்டும்போதும் நான் இங்கதான காய் எடுத்துக்கிட்டு இருப்பேன்? அப்ப ஆரு தொறந்துவிடுவா? நீங்க வருவீகளா, இவுக வருவாகளா?" லானைப் பார்த்து மோவாயை அசைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தேவைப்பட்டுத்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் லானுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுவிட்டு நேற்றைய கேள்வியையே கேட்டார். இதற்கு முன்னால்?

தங்கராசு என்னைப் பார்த்தார். "ரெண்டு தரம் நடந்திருக்கு மேடம். சனிக்கெழம எறங்கிப் போயிப் பாத்தா தண்ணி நின்னுச்சு. வடிச்சு விட்டுட்டேன். ஒங்ககிட்டச் சொன்னா ஆரு என்னான்னு போயிக் கேப்பீகளோன்னு சொல்லல."

"எப்போ, எப்போ?"

"ஒண்ணு, நம்ம ஜீப்பு வளைவுல பிளேட்டு ஒடஞ்சு நின்னுச்சுல்ல, அந்த வாரம். இன்னொண்ணு அதுக்குப் பெறகு. சரியா நெனப்பு இல்ல."

"தீபாவளி முடிஞ்ச மறுவாரம்," என்றார் டிரைவர். வண்டியின் ஸ்பிரிங் பிளேட் உடைந்ததை அவர் மறப்பாரா.

லான் ஜீப்பின் பானட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். தீபாவளிக்கு மறுவாரத்தை ஒட்டி எடுத்த அளவில் வரைபடக் கோடு புடைத்து நின்றது. அடுத்த புடைப்பு அதற்கு இரண்டு வாரம் தள்ளி. லான் திரையைத் தொட்டுக் காட்டி, "உங்கள் ஆட்கள் வாயு பிடிக்கும் குப்பிகளைச் சரியாக மூடவில்லை என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள். இது தண்ணீர்தான்," என்றார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மாதமாகக் குப்பி மூடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த இரண்டு வாரங்களையும் காரணம் எழுதிக் கணக்கிலிருந்து தள்ளிவைத்துவிடலாம் என்றார் லான். ஆனால் காய்ந்த வயலின் அளவு ஒன்று வேண்டும், அது இல்லாமல் மற்ற நாட்டுக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். தண்ணீரை இன்று வடித்தால் அந்த மண் காய ஐந்து நாளாகும். லானுக்கு வியாழன் இரவு விமானம். அந்த ஐந்து நாளில் இன்னொரு நல்ல மனசுக்காரர் மடையைத் திறந்துவிட்டால்?

"வயல்ல ஆள் இருந்தா ஒருத்தரும் தொட மாட்டாக," என்றார் தங்கராசு. "எங்காளு ஒருத்தர் வரப்புல உக்காந்திருந்தாப் போதும். ராத்திரி பயமில்ல. ராத்திரியில அடுத்தவுக வயல்ல கைவச்சா அதுக்குப் பேரு வேற. ஆனா என்னால முடியாது மேடம். இன்னிக்கு எறங்குறேன்னா இந்தச் சனிக்கெழம எறங்கக் கூடாதுன்னு தோட்டத்துல சொல்லிருவாக. செல்வியையும் விட மாட்டாக."

"நான் இருக்கேன்," என்றேன். என் வாய் அன்றைக்கும் முந்திக்கொண்டது.

மதியம் தாண்டித் தங்கராசு எங்களோடு இறங்கினார். யாரிடமும் போய் எதுவும் விளக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கீழ் வரப்பை வெட்டினார். தண்ணீர் பிச்சையம்மாவின் வயலுக்குள் இறங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் வயலின் கீழ்க்கோடியில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு அடைத்து, வந்த தண்ணீரை நிறுத்திக்கொண்டார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு தங்கராசு பொதுவாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மதினி, எங்க அக்கா தஞ்சாவூருலருந்து வந்திருக்காக. நாலஞ்சு நாள் வயல்ல இருப்பாக."

"இருக்கட்டும்," என்றார் பிச்சையம்மா, என்னைப் பார்க்காமல்.

போகும்போது தங்கராசு என்னிடம் தனியாகச் சொன்னார். "ஒங்க சோலி முடிஞ்சதும் மடையத் தொறக்குறேன்னு நீங்க எறங்க வேணாம். எந்திரிச்சுப் போயிருங்க, போதும்."

யாராவது திறப்பார்கள் என்று அவர் நம்புகிறாரா, இல்லை எனக்கு ஆறுதல் சொல்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்டுக் கெடுத்த கெடுப்பில் இனி எவரும் தொடாமலே விட்டுவிட்டால் இந்த வயல் பொதிப் பருவத்தில் வெடித்துக் கிடக்கும். திட்டத்துக்கு ஓர் அளவு கிடைக்கும், தங்கராசுவுக்கு நெல் கிடைக்காது.

வியாழன் காலை போடி பஸ் நிலையத்தில் லானை மதுரைக்கு ஏற்றிவிட்டேன். "அளவை எடுத்து அனுப்புங்கள். நீங்கள் எடுத்தால் போதும்," என்றார். பிறகு குடையும் நானுமாக ராசிங்காபுரம் பஸ்ஸில் ஏறி வரப்புக்கு வந்து உட்கார்ந்தேன். மாலை இருட்டியதும் விடுதிக்குத் திரும்புவது, காலையில் முதல் பஸ். இதுதான் என் சர்வதேச ஆராய்ச்சி.

முதல் நாள் என்னிடம் ஒருவரும் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் களை பிடுங்குகிறார்கள், கதை பேசுகிறார்கள், என் பக்கம் மட்டும் பார்வை வரவே இல்லை. எங்கள் கடைமடை ஊரில் என் சித்தப்பாவும் பக்கத்து வயல்காரரும் ஒரு மடைக்காக முகம் பார்க்காமல் வாழ்ந்துகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அங்கே உன் மடையில் இன்னொருவர் கை வைத்தால் அது திருட்டு, வேறு அர்த்தமே கிடையாது. அந்தக் கண்ணோடு வந்துதான் இங்கே போலீஸ்காரி மாதிரி விசாரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் பிச்சையம்மா ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வரப்பில் வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். நானும் எதற்கு என்று கேட்காமல் குடித்தேன். சாயங்காலம், அன்றைக்கு என் கேள்விக்கு நிற்காமல் மாட்டைத் தேடிப் போனவர் இளநீர் ஒன்றைச் சீவிக் கொடுத்தார். சனிக்கிழமை மோர் வந்தது, கூடவே வறுத்த மிளகாய். ஞாயிற்றுக்கிழமை பிச்சையம்மா தானும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏந்தாயி, ஒங்க ஊர்ல வயலக் காயவும் போட்டுட்டு, அதுக்குக் காவலும் இருப்பீகளா?"

"எங்க ஊர்ல இல்லம்மா. இங்கதான்."

"புள்ளகுட்டியெல்லாம் இருக்கா, இதே சோலிதானா?"

"ரெண்டு பசங்க இருக்காங்க."

"அதுகளுக்குச் சோறு ஆரு பொங்குறா?" என்று ஆரம்பித்து என் வீட்டுக் கதை முழுக்க வாங்கிவிட்டார். மடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாக்கு நுனி வரை வந்த மன்னிப்பை நானும் விழுங்கிக்கொண்டேன். கேட்டால் பழையபடி அதே பேச்சாகிவிடும்.

அன்று நாலு மணிக்குக் குரங்கணி மலை மறைந்தது. மேகம் கருகருவென்று இறங்கி வந்தது. ஒரு வயலைப் போர்வை போட்டு மூட முடியாது என்பது தெரிந்தும் குடையை விரித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி நின்றேன். பிச்சையம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நாலு தூறல் போட்டது. அப்புறம் காற்று அதைக் கேரளப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

திங்கள்கிழமை காலை குழாய்க்குள் தண்ணீர் ஒரு சாணுக்கும் கீழே. மண் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. வாயு பிடிக்கிற அடியில்லாப் பெட்டியைப் பயிரின் மேல் கவிழ்த்தேன். உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி, குப்பிகளில் ஏற்றி, மூடி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் முடிந்து, "எடுத்தாயிற்று" என்று லானுக்குச் செய்தி அனுப்பினேன். தங்கராசுவுக்கும் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

கிளம்ப மனசு வரவில்லை. மடை என் காலடியிலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நானே திறந்துவிடலாம். மண்வெட்டிகூடப் பக்கத்தில் கிடந்தது. எந்திரிச்சுப் போயிருங்க, போதும் என்று அவர் சொன்னதை நினைத்துக்கொண்டு குடையை மடக்கினேன். பிச்சையம்மாவிடம் போய்ட்டு வர்றேன் என்றேன். "போயிட்டு வா தாயி," என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

பஸ் வர அரை மணி நேரம் ஆனது. குப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்தேன். ரோடு வளைந்து கண்மாய்க் கரையில் ஏறுகிற இடத்தில் வயல்கள் எல்லாம் கீழே தெரியும். ஏறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன். எங்கள் வயலின் மேல்கோடியில் தண்ணீர் மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடிப்புகளுக்குள் பரவிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மடைப்பக்கம் ஆள் இல்லை. மூன்று நான்கு பேர் அவரவர் வயலில் குனிந்து நின்றார்கள்.

பக்கத்து இருக்கைப் பெண் ராசிங்காபுரத்துக்காரிதான். அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.